பழைய ஆசிலோஸ்கோப்பின் நினைவக பேட்டரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972இல் தொடங்கியதிலிருந்து பினாங்கில், மின் அலையைத் திரையில் கோடாக வரைந்து அளக்கும் ஆசிலோஸ்கோப்புக்குப் பஞ்சமில்லை. இன்டெல், ஹியூலெட் பேக்கர்டு போன்ற நிறுவனங்கள் வந்த காலத்தில் அவற்றோடு சோதனைக் கருவிகளும் வந்தன. அந்தத் தொழிற்சாலைகளில் உழைத்து முடித்த கருவிகள் ஏலத்துக்குப் போய், பழைய பொருள் வியாபாரிகளின் கைமாறி, இன்று நம் வீட்டு மேசைகளில் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் செய்யப்பட்டவற்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். உள்ளே இருக்கும் சிறு பேட்டரியை மாற்றுவது எளிய வேலை. ஆனால் வரிசை தவறினால் நல்ல கருவி ஒரே நொடியில் அளவு தெரியாத கருவியாகிவிடும். எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் டெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் 2400 வரிசையிலிருந்தே தருகிறேன். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் என்னிடம் கேட்பவர்களில் அதிகம் பேர் வைத்திருப்பது அதைத்தான்.

சுவர் மின்சாரத்தில் ஓடும் ஸ்கோப்புக்குள் பேட்டரி எதற்கு?

நினைவில் வைத்திருப்பதற்கு. டெக்ட்ரானிக்ஸ் 465, 475 போன்ற எழுபதுகளின் ஸ்கோப்புகளில் அளவைச் சரிசெய்ய, திருகித் திருப்பும் சிறு மின்தடைகள் இருந்தன. தொழிற்சாலையில் ஒருவர் திருப்பி வைத்த நிலையில் அவை அப்படியே நிற்கும்; மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாறாது. எண்பதுகளில் மைக்ரோபிராசசர் உள்ளே வந்தபோது அந்தத் திருகுகளில் பெரும்பாலானவற்றின் இடத்தை எண்கள் பிடித்துக்கொண்டன. செங்குத்துப் பெருக்கி எவ்வளவு பெருக்க வேண்டும், கிடைமட்ட ஓட்டம் எவ்வளவு வேகமாகப் போக வேண்டும், கோட்டின் ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் டிரிகர் எந்த வோல்ட்டில் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் அளவுத்திருத்த எண்களாக ஒரு நினைவக சிப்பில் எழுதப்பட்டன. அந்த வகை நினைவகம் மின்சாரம் நின்றால் அனைத்தையும் மறந்துவிடும். கருவி அணைந்திருக்கும் நேரத்தில் அதற்கு மின்சாரம் கொடுக்கத்தான் லித்தியம் பேட்டரி.

இந்த எண்கள் மாடலுக்குப் பொதுவானவை அல்ல. உங்கள் மேசையில் இருக்கும் அந்த ஒரு கருவியின் உறுப்புகளை அளந்து எழுதியவை. ஒருவர் ஜாதகத்தை வைத்து இன்னொருவருக்குப் பலன் சொல்ல முடியாததைப் போல, நண்பரின் 2465பியிலிருந்து எண்களை எடுத்து உங்கள் 2465பியில் எழுத முடியாது. எழுதினால் கருவி பிழைச் செய்தி காட்டாமல் எழுந்துவிடும். அளவு மட்டும் பொய்யாக இருக்கும். பிழைச் செய்தி காட்டும் கருவியைவிட அதுதான் ஆபத்து.

என் ஸ்கோப்பில் இப்படிப் பேட்டரி இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முழுக்க அனலாக் ஆனது, திரையில் எழுத்தே வராது என்றால் அநேகமாக இருக்காது. பள்ளி, கல்லூரி ஆய்வகங்களில் பார்க்கும் எளிய இரட்டைச் சேனல் ஹிட்டாச்சி ஸ்கோப்புகள் அப்படிப்பட்டவை.

டெக்ட்ரானிக்ஸில் ஒரே பெயருக்குள் மூன்று தலைமுறைகள் ஒளிந்திருக்கின்றன. எழுத்து எதுவும் ஒட்டாத முதல் 2445, 2465 ஆகியவற்றில் எண்கள் மின்சாரமில்லாமலே தங்கும் ஈஏராம் சிப்பில் இருக்கின்றன, பேட்டரி கிடையாது. பின்னால் வந்த 2445ஏ, 2465ஏ ஆகியவற்றிலும், பி வரிசையின் முற்பட்ட கருவிகளிலும் ஏ5 என்ற கட்டுப்பாட்டு பலகையில் தனி லித்தியம் பேட்டரி உண்டு. பி வரிசையின் பிற்காலக் கருவிகளில் அந்தப் பலகை மேற்பரப்பில் பொருத்தும் உறுப்புகளோடு புதிதாக வடிவமைக்கப்பட்டது. அதில் தனி பேட்டரியைத் தேடினால் கிடைக்காது. டாலஸ் டிஎஸ்1225 என்ற தடித்த கறுப்புச் சிப்புக்குள்ளேயே பேட்டரி புதைந்திருக்கிறது. வரிசை எண் பி050000க்கு மேல் இருந்தால் உங்களுடையது இந்த வகை என்று வைத்துக்கொள்ளுங்கள்; கீழே சொல்லும் நகலை எடுத்த பிறகு திறந்து பாருங்கள்.

2430, 2432, 2440 போன்ற டிஜிட்டல் சேமிப்பு ஸ்கோப்புகளிலும் பேட்டரி உண்டு. தொண்ணூறுகளின் டிடிஎஸ் 500, 700 வரிசைகளில் மீண்டும் டாலஸ் சிப்புகள். வேறு நிறுவனத்தின் கருவி என்றால் சர்வீஸ் கையேட்டின் உதிரிப் பட்டியலில் பேட்டரி என்ற சொல்லைத் தேடுங்கள். இருக்கிறதா இல்லையா என்று ஒரே பக்கத்தில் தெரிந்துவிடும்.

பேட்டரி போகப்போகிறது என்பதற்கு அறிகுறி என்ன?

பெரும்பாலும் எதுவும் இல்லை. ஒரு நாள் காலையில் சுவிட்சைத் தட்டினால் 2465பி தன் சோதனையை முடிக்காமல் டெஸ்ட் 04 ஃபெயில் என்று காட்டி நிற்கும். நினைவகத்தில் இருக்கும் எண்களின் கூட்டுத்தொகை ஒத்துவரவில்லை என்பது அதன் பொருள். ஏ/பி டிரிகர் பொத்தானை அழுத்தினால் அதைத் தாண்டி வேலை செய்யும், கோடும் வரும். ஆனால் அந்தத் திரையில் படிக்கும் எந்த வோல்ட்டையும் எந்த மைக்ரோசெகண்டையும் நம்ப முடியாது.

சில கருவிகள் அணைத்துத் திறந்ததும் முன்பு வைத்திருந்த அமைப்புகளை மறந்து வரும். அதைக் கண்டால் அன்றைக்கே எண்களை நகலெடுத்துவிடுங்கள்.

பேட்டரியின் வோல்ட்டை அளந்து 3.6 இருந்தால் இன்னும் சில ஆண்டு தாங்கும்தானே?

அப்படிச் சொல்ல முடியாது. இங்கே பயன்படுவது லித்தியம் தயோனைல் குளோரைடு வகை. அதன் வோல்ட் ஆயுளின் பெரும்பகுதியிலும் 3.6 அருகிலேயே நேர்கோடாக நிற்கும். கடைசியில்தான் சரேலென்று இறங்கும். முப்பது ஆண்டு ஆன பேட்டரி 3.6 காட்டினால் அது இன்றைக்கு உயிரோடிருக்கிறது என்பது மட்டுமே தெரியும். 3.4க்குக் கீழே போயிருந்தால் அவசரம். 3க்கும் கீழே என்றால் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு இதைப் பாருங்கள். நினைவக சிப்புக்குக் குறைந்தது சுமார் 2 வோல்ட் போய்ச் சேர வேண்டும், வழியில் மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டையோடு ஒன்று வேறு கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.

அளக்கும்போது மீட்டர் முனை வழுக்கி பேட்டரியின் இரு முனைகளும் தொட்டுக்கொண்டால் நினைவகம் பட்டினியாகிவிடும். கூரான முனையை அழுத்திப் பிடிப்பதற்குப் பதில் கொக்கி வைத்த முனைகளை மாட்டிவிட்டுக் கையை எடுத்துவிடுவது நல்லது.

முதலில் எண்களை நகலெடுக்க வேண்டும் என்கிறார்கள். எப்படி?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். பேட்டரி மாற்றுவதில் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், நகல் இல்லாமல் கேபினெட்டைக் கழற்றாதீர்கள்.

2445, 2465இன் ஏ, பி வகைகளில் அந்த வசதி உள்ளேயே இருக்கிறது. டெல்டா வி, டெல்டா டி பொத்தான்கள் இரண்டையும் ஒன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, டிரிகர் ஸ்லோப் பொத்தானை அழுத்தினால் சோதனைப் பட்டியலுக்குள் போகலாம். அதில் எக்ஸர் 02 என்ற பயிற்சியைத் தேர்ந்தெடுத்தால் திரையின் எழுத்து வரியில் நினைவக முகவரியும் அதில் இருக்கும் எண்ணும் ஒவ்வொன்றாக வரும். எந்தப் பொத்தான் அடுத்த முகவரிக்கு நகர்த்தும் என்பது சர்வீஸ் கையேட்டின் பராமரிப்புப் பகுதியில் இருக்கிறது. இந்த மாடல்களின் கையேடுகள், டெக்ட்ரானிக்ஸ் கருவிகளுக்கான டெக்விக்கி இணையதளத்தில் கிடைக்கின்றன.

கைப்பேசியை ஒரு தாங்கியில் நிறுத்திக் காணொளி எடுத்துக்கொண்டே நிதானமாக ஒவ்வொரு முகவரியாக நகர்த்துங்கள். பிறகு காணொளியைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதிய பிறகு இன்னொருவரை உட்காரவைத்து, அவர் வாசிக்க நீங்கள் சரிபாருங்கள். எண்கள் பதினாறு அடிமானத்தில் இருக்கும்; 0 முதல் 9 வரை இலக்கங்களும் ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் கலந்து வரும். பி என்ற எழுத்தும் 8 என்ற இலக்கமும், டி என்ற எழுத்தும் 0 என்ற இலக்கமும் அந்தச் சிறு திரையில் ஒன்றுபோலத் தெரியும். ஒரே ஓர் எண் தவறினாலும் கூட்டுத்தொகை ஒத்துவராது.

சலிப்பான வேலைதான். ஆனால் அந்த நோட்டு இருக்கும் வரை அந்தக் கருவிக்கு அழிவில்லை. எண்கள் கையில் இருந்தால், பேட்டரி செத்தாலும் சிப்பே எரிந்தாலும், சிப்பைப் படிக்கவும் எழுதவும் உதவும் புரோகிராமர் என்ற கருவி மூலம் புதிய சிப்பில் எழுதிப் பொருத்த வழி இருக்கிறது.

அண்ணா, நான் பாலிடெக்னிக் மாணவன். என்னிடம் புரோகிராமர் எதுவும் இல்லை. நகலெடுத்து என்ன பயன்?

தம்பி, புரோகிராமர் நாளைக்குக்கூடக் கிடைக்கும். உங்கள் கல்லூரியின் மின்னணுப் பிரிவிலேயே ஒன்று இருக்கலாம். போன எண்கள் கிடைக்காது. இன்றைக்கே எழுதி வையுங்கள்.

எந்த பேட்டரியை வாங்குவது? இங்கே எங்கே கிடைக்கும்?

டெக்ட்ரானிக்ஸ் வைத்தது கீப்பர் எல்டிசி-7பி என்ற வகை. அதே வடிவத்தில் தேடி அலைய வேண்டியதில்லை. 14250 அளவில் 3.6 வோல்ட் லித்தியம் தயோனைல் குளோரைடு மின்கலம் போதும். 14 மில்லிமீட்டர் விட்டம், 25 மில்லிமீட்டர் நீளம், பாதி ஏஏ அளவு. சாஃப்ட், டாடிரான் போன்ற நிறுவனங்கள் செய்கின்றன.

நம் ஊரில் இதற்கு ஒரு வசதி உண்டு. தொழிற்சாலை இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் பிஎல்சி பெட்டிகளில் இதே வகை மின்கலம்தான் நினைவகத்தைக் காக்கிறது. ஆகவே பிறையிலும் பாயான் லெப்பாஸிலும் தொழிற்சாலைகளுக்கு உதிரிகள் கொடுக்கும் கடைகளில் விசாரியுங்கள். கோலாலம்பூரில் இருப்பவர்கள் புடுவில் உள்ள ஜாலான் பாசார் கடைகளில் தொடங்கலாம். வெளிநாட்டிலிருந்து தருவித்தால் தாமதம் ஆகும். லித்தியம் உலோக மின்கலங்களைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவதற்கு 2015 முதல் தடை இருக்கிறது.

முனைகளில் தகடோ கம்பியோ தொழிற்சாலையிலேயே பற்றவைத்ததைக் கேட்டு வாங்குங்கள். வெறும் மின்கலத்தின் உடம்பில் நேரடியாக சால்டர் (உருக்கி ஒட்டும் பற்றாசு) வைக்கவே கூடாது. உள்ளே இருக்கும் திரவம் சூட்டில் அழுத்தமாகி மின்கலம் வெடிக்கலாம். வெளியே வரும் வாயு நுரையீரலை அரிக்கும்.

கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும் சிஆர்2032 போதாதா?

அவசரத்துக்கு ஓடும். அது 3 வோல்ட். டையோடு எடுத்துக்கொண்டது போக 2.4 அல்லது 2.5 மிஞ்சும். புதிதாக இருக்கும்வரை நினைவகம் தாங்கும், வயதாகும்போது விளிம்புக்கு வந்துவிடும். கொள்ளளவும் சுமார் 220 மில்லிஆம்பியர்-மணிதான். 14250இல் சுமார் 1200. நல்ல அளவுக் கருவிக்கு நான் அதை வைக்க மாட்டேன்.

திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றும் பேட்டரி வைத்தால்?

வேண்டாம். அந்தச் சுற்றில் சார்ஜ் ஏற்றும் வழி இல்லை, இருக்கவும் கூடாது.

ஸ்கோப்பை இயக்கி வைத்துக்கொண்டே பேட்டரியை மாற்றினால் எண்கள் போகாது என்று ஒருவர் சொன்னார். செய்யலாமா?

கணக்கு சரி, காரியம் சரியில்லை. இயங்கிக்கொண்டிருக்கும்போது நினைவகத்துக்கு ஸ்கோப்பின் மின்சாரமே போகும் என்பது உண்மைதான். ஆனால் மூடி திறந்த ஸ்கோப்புக்குள் படக்குழாய்க்குப் போகும் மின்னழுத்தம் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல். பவர் சப்ளையின் முதன்மைப் பகுதியில் நம் 230 வோல்ட் மின்சாரம் நேர்மின்னாக மாறி 320க்கு மேல் நிற்கிறது. அதன் நடுவே சூடான சால்டரிங் அயர்னோடு கையை நுழைக்க எந்த எண்ணும் தகுதியானதல்ல. ஒரு துளி சால்டர் ஓடும் பலகையில் விழுந்தாலும் இழப்பு பேட்டரியோடு நிற்காது.

அப்படியானால் பாதுகாப்பான முறை எது?

வெளியிலிருந்து சிறிது நேரம் துணை மின்சாரம் கொடுத்துவிட்டு மாற்றுவது. நகல் எடுத்தாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

ஸ்கோப்பை அணையுங்கள். பிளக்கைச் சுவரிலிருந்தே பிடுங்குங்கள். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு பிளக்கை விட்டுவைப்பவர்களுக்கு இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. மூன்று முனை பிளக்கின் நில இணைப்பு ஸ்கோப்பின் உடம்போடு சேர்ந்திருக்கும்; சால்டரிங் அயர்னின் நுனியும் அதே நிலத்தோடு சேர்ந்திருக்கும். அந்த நுனி பேட்டரியின் நேர்முனையைத் தொட்ட கணத்தில் பேட்டரி நிலத்தோடு ஒட்டிக்கொண்டதாகிவிடும், எண்களும் போய்விடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டால் அந்தச் சுற்று முழுமையாகாது. அத்துடன், அயர்ன் சூடானதும் அதன் பிளக்கையும் பிடுங்கிவிட்டே இணைப்பைத் தொடுவேன். ஓர் இணைப்பை உருக்கும் அளவுக்குச் சூடு நுனியில் இருக்கும்.

மூடியைக் கழற்ற டார்க்ஸ் திருப்புளி வேண்டும். டி15 அளவு பெரும்பாலான திருகுகளுக்குப் பொருந்தும். கேபினெட்டை உருவிய பிறகு பத்து நிமிடம் விட்டுவிட்டு, பவர் சப்ளையின் பெரிய மின்தேக்கிகளில் மின்சாரம் இறங்கிவிட்டதா என்று மீட்டரால் பாருங்கள். படக்குழாயின் பக்கவாட்டில் ரப்பர் தொப்பியோடு போகும் தடித்த கம்பியின் பக்கம் கை போகவே வேண்டாம்.

துணை மின்சாரத்துக்கு மூன்று ஏஏ மின்கலம் வைக்கும் பெட்டி ஒன்று, 1என்4148 டையோடு ஒன்று, 1 கிலோஓம் மின்தடை ஒன்று. மூன்றையும் தொடராகச் சேர்த்தால் சுமார் 4 வோல்ட் கிடைக்கும். தவறிப்போய் எங்காவது தொட்டாலும் மின்தடை காப்பாற்றும். இதைப் பழைய பேட்டரியின் முனைகளில் இணைக்கக் கூடாது. இணைத்தால் சார்ஜ் ஏற்றக்கூடாத லித்தியம் பேட்டரிக்குள் மின்சாரத்தைத் திணிப்பதாகும். நினைவக சிப்பின் மின்சாரக் காலிலேயே கொடுக்க வேண்டும். 6264 வகை 28 கால் சிப் என்றால் 28ஆம் கால் நேர்முனை, 14ஆம் கால் நிலம். பேட்டரிக்கும் அந்தக் காலுக்கும் இடையே பலகையிலேயே இருக்கும் டையோடு, மின்சாரம் பேட்டரிப் பக்கம் திரும்பாமல் தடுக்கும். சுற்று வரைபடத்தில் அந்த டையோடை விரல் வைத்துக் காட்ட முடிந்த பிறகே மேலே போங்கள்.

28ஆம் காலில் மீட்டரை மாட்டி வையுங்கள். துணை மின்சாரம் சேர்ந்ததும் 3.3 அளவில் இருந்த வோல்ட் 4ஐ நோக்கி ஏறும். ஏறவில்லை என்றால் இணைப்பு சரியில்லை. பழைய பேட்டரியைத் தொடாதீர்கள். ஏறி நின்ற பிறகு பழையதைக் கழற்றுங்கள். மீட்டர் அசையக் கூடாது. புதியதை முனை பார்த்துப் பொருத்தி சால்டர் வையுங்கள். பிறகு துணை மின்சாரத்தை எடுத்தால் மீட்டர் 4இலிருந்து 3.3 பக்கம் இறங்கி அங்கேயே அசையாமல் நிற்கும். நான்கைந்து நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டே இருங்கள். தொடர்ந்து இறங்கிக்கொண்டே போனால் புதிய பேட்டரியின் இணைப்பு பிடிக்கவில்லை என்று பொருள். துணை மின்சாரத்தை உடனே திரும்பக் கொடுங்கள்.

புதிய மின்கலம் பழையதைவிட வடிவத்தில் வேறாக இருப்பதால் ஒரு துளி சிலிக்கோன் பசையோ நைலான் கட்டோ வைத்து அசையாமல் நிறுத்துங்கள். மின்விசிறியின் காற்று போகும் வழியை அடைக்காதீர்கள்.

என் கருவியில் டாலஸ் சிப் இருக்கிறது. அதை என்ன செய்வது?

டாலஸ் செமிகண்டக்டர் நிறுவனம் சிப்பையும் லித்தியம் மின்கலத்தையும் ஒரே கறுப்பு ரெசினுக்குள் வார்த்து விற்றது. மின்சாரமே இல்லாமல் குறைந்தது பத்து ஆண்டு தாங்கும் என்பது அவர்கள் கொடுத்த வாக்கு. பல சிப்புகள் இருபத்தைந்து, முப்பது ஆண்டு கடந்தும் நினைவை விடாமல் இருப்பது அந்த வேலைத்தரத்துக்குச் சான்று. ஆனால் அது இனியும் தொடரும் என்று பந்தயம் கட்டக் கூடாது.

இங்கே துணை மின்சாரம் தேவையில்லை. பேட்டரி சிப்போடே வருகிறது. சிப் உயிரோடு இருக்கும்போதே பலகையிலிருந்து கழற்றி, புரோகிராமரில் படித்து, கோப்பைச் சேமித்து, புதிய சிப்பில் எழுதிப் பொருத்த வேண்டும். கழற்றுவதுதான் கடினமான பகுதி. 28 கால்களிலும் சால்டரை உறிஞ்சி எடுக்கும்போது சிப்பின் உடம்பு சூடாகக் கூடாது, உள்ளே இருக்கும் மின்கலம் வெப்பத்தைத் தாங்காது. வெற்றிட உறிஞ்சியோடு கூடிய அயர்ன் இருப்பவரிடம் கொடுப்பது புத்திசாலித்தனம். ஒவ்வொரு காலுக்கும் இரண்டு மூன்று நொடி, நடுநடுவே ஆற விட வேண்டும்.

படிக்கும்போது மூன்று முறை படித்து மூன்று கோப்புகளும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். எக்ஸர் 02இல் எழுதி வைத்த எண்களோடும் ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தினால் நிம்மதியாக அடுத்த படிக்குப் போகலாம். பலகையில் நல்ல தரமான சாக்கெட் வைத்து அதில் புதிய சிப்பைச் செருகுங்கள். அடுத்த முறை மாற்றுபவர் உங்களை வாழ்த்துவார்.

மலிவான விலையில் இணையத்தில் விற்கும் டாலஸ் சிப்புகளில், பழையவற்றின் மேல் புதிய அச்சு போட்டவை நிறைய கலந்திருக்கின்றன. மேலே அச்சிட்ட நான்கு இலக்கத் தேதியில் முதல் இரண்டு ஆண்டு, அடுத்த இரண்டு வாரம். கால்களில் சால்டர் தடம் இருந்தாலோ, மேற்பரப்பு மணல் காகிதம் தேய்த்ததுபோல் இருந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். டாலஸ் 2001இல் மேக்சிமிடம் போனது, மேக்சிம் 2021இல் அனலாக் டிவைசஸிடம் போனது. ஆகையால் அச்சில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது என்பதும் தேதியோடு பொருந்த வேண்டும்.

பேட்டரியே தேவைப்படாத எஃப்ராம் சிப்பை அந்த இடத்தில் வைப்பவர்களும் உண்டு. எஃப்எம்16டபிள்யூ08 அதே 8 கிலோபைட் கொள்ளளவு. கொள்கை அளவில் எனக்கு இது மிகவும் பிடித்த தீர்வு. ஒரு நிபந்தனை: எஃப்ராம் ஒவ்வொரு முறை படிக்கவும் எழுதவும் அதன் தேர்வுக் கால் மேலே போய்க் கீழே இறங்க வேண்டும். எல்லாக் கருவிகளின் சுற்றும் அப்படி நடந்துகொள்வதில்லை. உங்கள் மாடலில் வேறொருவர் பொருத்தி ஓட்டியிருக்கிறாரா என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

டாலஸ் சிப்பின் ரெசினைச் சுரண்டி வெளியே ஒரு பேட்டரியை ஒட்டலாம் என்கிறார்களே?

செய்கிறார்கள். புதிய சிப் கிடைக்கும்போது எதற்கு?

எண்கள் ஏற்கெனவே போய்விட்டன. கருவியைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?

தூக்கிப் போடாதீர்கள். பழைய எண்களை மீட்க முடியாது, ஆனால் புதிதாக அளந்து எழுத முடியும். 2465பி தன் சோதனைப் பட்டியலிலேயே CAL 01, CAL 02 என்று தொடங்கும் அளவுத்திருத்தப் படிகளை வைத்திருக்கிறது. அவை கேட்கும் அலைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தால் எண்களைத் தானே கணக்கிட்டு எழுதிக்கொள்ளும். சிக்கல் அந்த அலைகளைக் கொடுக்கும் கருவிகளில்தான் இருக்கிறது. துல்லியமான வோல்ட்டுக்கு பிஜி506, நேர முத்திரைகளுக்கு டிஜி501, உயரம் மாறாத சைன் அலைக்கு எஸ்ஜி503 ஆகியவற்றைக் கையேடு கேட்கிறது. மூன்றும் டெக்ட்ரானிக்ஸின் பழைய டிஎம்500 வரிசையைச் சேர்ந்தவை. இவற்றை ஒன்றாக வைத்திருப்பவர்கள் குறைவு. நான்கைந்து பேர் சேர்ந்து ஆளுக்கொன்று கொண்டுவந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடியும்.

பினாங்கிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் சாம் (SAMM) என்ற மலேசிய ஆய்வக அங்கீகாரத் திட்டத்தில் அங்கீகாரம் பெற்ற அளவுத்திருத்த ஆய்வகங்கள் இருக்கின்றன. அங்கே போகும்முன் ஒன்றைத் தெளிவாகக் கேளுங்கள்: வெறும் சரிபார்ப்பா, திருத்தமும் செய்வார்களா? சரிபார்ப்பு மட்டும் என்றால் உங்கள் ஸ்கோப் தவறாக அளக்கிறது என்ற சான்றிதழ்தான் கிடைக்கும். திருத்தமும் செய்தால் கட்டணம் பெரும்பாலும் கருவியின் விலையைத் தாண்டிவிடும்.

2430, 2440 வகைகளுக்குக் கொஞ்சம் நல்ல செய்தி உண்டு. அவற்றின் சுய அளவுத்திருத்தம் வெளிக்கருவி இல்லாமலே நிறையச் சரிசெய்துகொள்ளும். மிச்சத்துக்குத்தான் வெளி அலை வேண்டும்.

மூடியைத் திறந்தாகிவிட்டது. கையோடு வேறு எதைப் பார்ப்பது?

டாலஸ் சிப் வைத்த பிற்காலப் பலகை என்றால், மேற்பரப்பில் ஒட்டிய சிறு உருளை வடிவ மின்தேக்கிகளைக் கட்டாயம் பாருங்கள். என்னைக் கேட்டால் பேட்டரியைவிட இவைதான் அந்தப் பலகையின் உண்மையான எதிரி. பல ஆண்டுகளில் அவற்றின் உள்ளே இருக்கும் திரவம் அடிப்பக்கம் வழியாகக் கசிந்து, செம்புக் கோடுகளை மெல்ல மெல்லத் தின்கிறது. அறிகுறிகள் கண்ணுக்குத் தெரியும்: கால்களில் இருக்கும் சால்டர் பளபளப்பு போய்ச் சாம்பல் நிறமாகிவிடும், சுற்றிலும் பச்சைப் பூச்சுக்குக் கீழே கோடுகள் கறுத்திருக்கும். அயர்னை வைத்தால் மீன் வாடை அடிக்கும். வாடை வந்தால் கசிவு உறுதி. பழையவற்றை எடுத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் நன்றாகக் கழுவி, கோடுகள் அறுபடவில்லை என்று ஒவ்வொன்றாக மீட்டரில் சோதித்துவிட்டுப் புதியவற்றைப் பொருத்துங்கள்.

பவர் சப்ளையில் ரிஃபா என்ற பெயரோடு மஞ்சள் ஒளிபுகும் உறை போட்ட காகித மின்தேக்கிகள் இருந்தால் அவற்றையும் மாற்றிவிடுங்கள். உறையில் விரிசல் விழுந்து காற்றின் ஈரத்தைக் குடித்து, ஒரு நாள் புகையோடு வெடிக்கும். பினாங்கு போன்ற கடலோர ஈரக்காற்றில் இதைத் தள்ளிப்போட நியாயமே இல்லை.

மின்விசிறி தடையில்லாமல் சுற்றுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இந்த வரிசையில் கிடைமட்டப் பெருக்கி சிப் சூட்டுக்குப் பலியாவது பலரும் அறிந்தது. மூடி இல்லாமல் நீண்ட நேரம் ஓட்டாதீர்கள்; காற்றோட்டம் மூடியோடு சேர்த்து வடிவமைக்கப்பட்டது.

லோரோங் கூலிட் போன்ற பழைய பொருள் சந்தையில் ஸ்கோப் வாங்கும்போது எதைக் கவனிப்பது?

மின்சாரத்தில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வெறும் கோடு வந்தால் போதாது. சோதனைச் செய்திகள் முழுவதையும் பாருங்கள். டெஸ்ட் 04 வந்தால் விலையைப் பாதிக்குமேல் குறைத்துக் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. விற்பவருக்கு அதன் பொருள் தெரியாமல் இருக்கலாம், மரியாதையாகவே விளக்குங்கள். போட்டுக் காட்ட மின்சாரம் இல்லாத இடம் என்றால், எண்கள் போய்விட்டன என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

வாங்கி வந்த அன்றைக்கே நகல் எடுங்கள். கேபினெட்டைத் துடைப்பது அப்புறம்.

கழற்றிய பேட்டரியை எங்கே போடுவது?

வீட்டுக் குப்பையில் வேண்டாம். மலேசியாவின் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிகளில் லித்தியம் பேட்டரிக் கழிவு எஸ்டபிள்யூ 103 என்ற பிரிவில் வருகிறது. இரு முனைகளிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மின்னணுக் கழிவு சேகரிக்கும் மையத்தில் கொடுங்கள். டாலஸ் சிப்புக்கும் இதே வழிதான். உள்ளே லித்தியம் இருப்பதை மறந்துவிடாதீர்கள்.

புதிய பேட்டரி எத்தனை ஆண்டு வரும்?

நினைவகம் பத்து மைக்ரோஆம்பியர் இழுத்தாலும், 1.2 ஆம்பியர்-மணி மின்கலம் 1,20,000 மணி நேரம் தாங்கும். பதின்மூன்று ஆண்டுக்கு மேல். ஸ்கோப் ஓடும் நேரத்தில் பேட்டரி செலவாவதில்லை, பெரும்பாலான நினைவகங்கள் அதைவிடக் குறைவாகவே இழுக்கும். ஆனாலும் பத்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது என் வழக்கம்.

மாற்றிய தேதியையும் பேட்டரி வகையையும் ஒரு சிறு ஒட்டியில் எழுதி, கேபினெட்டின் பின்பக்கம் வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். எண்கள் எழுதிய தாளின் ஒரு பிரதியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கருவியின் மேலே இருக்கும் பையில் அளவு முனைகளோடு வைத்துவிடுங்கள். நாளைக்கு நீங்கள் விற்றாலும் அது கருவியோடு போகும்.